விற்பனைப் பிரதிநிதிகள் கேட்டவை

கொமிஷனுக்கும் ஊழியர் சேமலாப நிதி (EPF) கட்ட வேண்டுமா? – உப்புவெளி

கட்டத்தான் வேண்டும். அடிப்படை 30,000, கொமிஷன் 20,000 என்றால் 50,000க்குக் கணக்கு. முதலாளி 12 வீதம், நீங்கள் 8 வீதம். அடிப்படைக்கு மட்டும் கட்டினால், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) முதலாளி கட்டும் 3 வீதத்தையும் சேர்த்து, முதலாளி தர வேண்டியதில் மாதம் 3,000 ரூபாய் உங்களுக்கு நட்டம்.

கொமிஷன் 5 வீதம் தருவதாக மேலாளர் சொன்னார். இப்போது 3 என்கிறார். – திருகோணமலை நகர்

நியமனக் கடிதத்தில் என்ன இருக்கிறதென்று நீங்கள் எழுதவே இல்லை. அது தெரியாமல் நான் எதைச் சொல்வது? எத்தனை தரம் சொல்லிவிட்டேன், எதையும் எழுத்தில் வாங்குங்கள் என்று. சரி, பழைய சம்பளச் சிட்டைகளைத் தேடுங்கள். 5 வீதம் தந்த மாதங்கள் இருந்தால் அவற்றோடு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள்.

நான் லீவில் நின்றபோது என் கிண்ணியாக் கடைக்கு இன்னொருவர் பில் போட்டுவிட்டார். – கிண்ணியா

முதலில் அவரிடமே நேரில் கேளுங்கள். மேலிடத்துக்குப் போவது அப்புறம். லீவு நாள் பில்லின் கொமிஷன் யாருக்கு என்பதையும் இப்போதே எழுத்தில் வாங்குங்கள்.

டார்கட் பிடிக்க, கடைக்காரர் கேட்காத சரக்குக்கும் பில் போடச் சொல்கிறார் சுப்பவைசர். எல்லோரும் செய்கிறார்கள்தானே? – மூதூர்

எல்லோரும் செய்தாலும் பிழை பிழைதான், தம்பி. நான் ரூட் போன காலத்தில் ஒரு கடையின் பின்னறையில் பார்த்தேன். 31ஆம் திகதி இறக்கிய பிஸ்கட் பெட்டிகள், ஒட்டிய டேப் கூடக் கிழிபடாமல், அரிசி மூட்டைக்கு மேல் அடுக்கியபடி கிடந்தன. 4ஆம் திகதி அவ்வளவும் ரிட்டர்ன். கொமிஷன் வாங்கியவர் வேறு ரூட்டுக்கு மாறிவிட்டார். புதிதாக வந்த பிள்ளையின் கணக்கில்தான் அந்த ரிட்டர்ன் கழிந்தது. முதல் மாதமே டார்கட் போய், அவள் அழுதுகொண்டு நின்றதை நான் மறக்கவில்லை. அந்தப் பொய் விற்பனையை வைத்துத்தான் அடுத்த டார்கட்டையும் ஏற்றினார்கள். நேர்மையாக விற்றவர்களும் சேர்ந்து அடிபட்டார்கள்.

இன்னொன்று. சுப்பவைசர் சொன்னது வாயால், பில்லில் இருப்பது உங்கள் கையெழுத்து. ஓடிட் வந்தால் யாரைப் பிடிப்பார்கள்? "எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி என்று வாட்ஸ்அப்பில் போடுங்கோ அண்ணை" என்று மரியாதையாகக் கேளுங்கள். போடமாட்டார்.

நாலு வருடம் பத்து மாதம் ஆகிறது. விலகலாமா? – நிலாவெளி

இரண்டு மாதம் பொறுங்கள். 15 பேராவது வேலை செய்யும் இடமென்றால், ஐந்து வருடம் முடித்தவருக்கு இலங்கையின் 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, விலகும்போது வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாக உண்டு. விலகல் கடிதத்தின் பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள்.