மைலோ டின்னும் மானியப் படிவமும்: வாசகர் கேள்வி, பொருளாளர் பதில்

சிங்கப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிராணி (எழுத்தர்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மாலை நேரங்களில் ஒரு நாடகக் குழுவுக்கு 22 ஆண்டுகள் பொருளாளர். மேடையில் ஒருமுறைகூட ஏறியதில்லை; ரசீதுகளை மைலோ டின்னில் போட்டு வைத்ததுதான் என் கலைச்சேவை. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, கலைக்குப் பணம் எங்கே கிடைக்கும் என்று கேட்கின்றன. அதனால் ரசம், மூட்டுவலி, மருமகள் கேள்விகள் எல்லாம் அடுத்த மாதத்துக்கு.

கேள்வி: அம்மா, நாங்கள் ஆறு பேர். எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் வில்லுப்பாட்டுப் பயிற்சி. ஒருமுறையாவது நல்ல அரங்கில் நடத்திப் பார்க்க ஆசை. சங்கமாகப் பதிவு செய்யவில்லை. எங்களுக்கும் மானியம் கிடைக்குமா? எந்தக் கதவைத் தட்டுவது?
– ஈசூன் வாசகர்

பதில்: ஐயா, ஆறு பேர்தானே, பதிவைப் பற்றிக் கவலை வேண்டாம். பத்துப் பேருக்குக் குறைவான குழு சங்கச் சட்டத்தின்கீழ் பதிந்தாக வேண்டும் என்பதில்லை. உங்களில் ஒருவர், குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருப்பவர், தம் பெயரில் விண்ணப்பிக்கலாம். யார் அந்த ஒருவர் என்பதை மட்டும் யோசித்து முடிவு செய்யுங்கள். பணம் அவர் கணக்கில் வரும், கேள்வியும் அவரிடம்தான் வரும். குரல் நன்றாக இருப்பவரைவிட, மின்சாரக் கட்டணத்தைத் தவணைக்கு முன்பே கட்டுகிறவர் இதற்குப் பொருத்தம்.

நாங்கள் நாடகம் போடத் தொடங்கிய காலத்தில் தேசியக் கலைகள் மன்றமே கிடையாது. அது 1991இல்தான் வந்தது. அதற்கு முன் தேக்காவில் கடை கடையாக ஏறி இறங்குவோம். நிகழ்ச்சிக் கையேட்டின் பின்னட்டையில் விளம்பரம் போட்டால் 50 வெள்ளி. நகைக்கடைக்காரர் கொடுப்பார், மளிகைக்கடைக்காரர் அரிசி மூட்டைதான் கொடுப்பார். இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்து, அவர்எஸ்ஜி கிராண்ட்ஸ் என்ற இணையவாசலில் சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளம்) வழியாக நுழைந்து கேட்கலாம். அமைப்பாகப் பதிந்திருந்தால் அமைப்புகளுக்கான கார்ப்பாஸ். கலைகள் மன்றம், மக்கள் கழகம், மரபுடைமைக் கழகம் எனப் பல அமைப்புகளின் மானியங்கள் அங்கேயே இருக்கின்றன. பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எண்களை நீங்களே நிரப்புங்கள்.

உங்களுக்கு மூன்று கதவுகள் சொல்கிறேன். கலைகள் மன்றத்தில் 'பிரசன்டேஷன் அண்ட் பார்ட்டிசிபேஷன்' என்ற மானியம் இது மாதிரி மேடையேற்றத்துக்குத்தான். இரண்டாவது, வளர்தமிழ் இயக்கம். 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடத்தும்போது பல அமைப்புகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஏப்ரல் நிகழ்ச்சிக்கு ஏப்ரலில் போய் நிற்காதீர்கள், முந்தைய ஆண்டே பேச்சைத் தொடங்குங்கள். மூன்றாவதுதான் உங்களுக்கு மிக அருகில் இருப்பது: உங்கள் சமூக மன்றத்தின் இந்திய நற்பணிச் செயற்குழு. அவர்களுக்கு ஆண்டு முழுக்க நிகழ்ச்சி நடத்த வேண்டும். உங்களுக்கு மேடை, ஒலிபெருக்கி, ஆள்கூட்டம் வேண்டும். கையில் காசு தராவிட்டாலும் மண்டபம் கிடைத்தால் அதுவும் காசுதான். நானாக இருந்தால் முதலில் இந்தக் கதவைத் தட்டுவேன். அங்கே ஒருமுறை நடத்திப் படமும் காணொளியும் கையில் இருந்தால், கலைகள் மன்றத்தில் நீங்கள் புதுமுகம் இல்லை.

இப்போது கணக்கு. உங்கள் கடிதத்தில் 'சுமார் 5,000 வெள்ளி ஆகும்' என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் 'சுமார்' எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு தாளில் போட்டுப் பார்ப்போம். மண்டப வாடகை 600. ஒலி, ஒளி 900. உடை ஆளுக்கு 80 என்று 480. கதை புரிய ஆங்கில வரிகளைத் திரையில் போட 500. சுவரொட்டி அச்சு 150. காணொளிப் பதிவு 700. கலைஞர் சன்மானம் ஆளுக்கு 200 என்று 1,200. மொத்தம் 4,530. இந்த விலைகள் என் உத்தேசம்தான், நீங்கள் கேட்டு வாங்கும் விலைப்பட்டியலில் மாறும். ("நாங்கள் சும்மாவே பாடுவோம்" என்று சன்மானத்தை அடித்துவிடாதீர்கள். அடுத்து வரும் இளைஞர்களையும் சும்மா பாட வைத்துவிடுவீர்கள்.)

மானியம் பெரும்பாலும் முழுச் செலவையும் ஏற்காது, ஒரு பங்கைத்தான் தரும். பாதி கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம், 2,265. பத்து வெள்ளி டிக்கெட்டில் 120 பேர் வந்தால் 1,200. இன்னும் 1,065 துண்டு விழுகிறது. படிவத்தைப் படிப்பவர் முதலில் தேடுவது அந்த 1,065 எங்கிருந்து வரும் என்பதைத்தான். அதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்: சமூக மன்றம் மண்டபம் தருகிறது, 600 போயிற்று, மீதி 465க்கு இரண்டு கடைகளில் விளம்பரம். அரிசி மூட்டை வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. முடிந்துபோன நிகழ்ச்சிக்குப் பணம் கேட்க முடியாது. முதலில் மானியம் உண்டா என்ற முடிவு, அப்புறம் மேடை. பொதுமக்கள் வரும் நிகழ்ச்சி என்றால் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் உரிமம் தேவையா என்றும் பாருங்கள். சில நிகழ்ச்சிகளுக்கு விலக்கு உண்டு. தேவையென்றால் கதையை எழுத்தில் கேட்பார்கள். வில்லுப்பாட்டுக்காரர்கள் மேடையிலேயே கதையை வளர்ப்பவர்கள் என்று எனக்குத் தெரியும். இந்த ஒருமுறை எழுதி வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஆன்ட்டி, எனக்கு 27 வயது. பரதம் கற்றுக்கொடுத்துப் பிழைக்கிறேன். முதியோருக்கு உட்கார்ந்தபடியே ஆடும் வகுப்பு நடத்த 9,000 வெள்ளி மானியம் கேட்டேன். நான்கே வரியில் முடியாது என்று மின்னஞ்சல் வந்தது. தமிழ்க் கலை என்பதால் ஒதுக்குகிறார்களோ? விண்ணப்பத்தை இணைத்திருக்கிறேன்.
– செங்காங் வாசகி

பதில்: கோபப்படாமல் படி அம்மா. உன் விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தேன். 'பாரம்பரியம்' 14 இடத்தில் இருக்கிறது. எத்தனை முதியவர்கள், எந்த இடத்தில், எத்தனை வாரம் என்பது ஓரிடத்திலும் இல்லை. 'அடவு', 'அபிநயம்' என்று எழுதியிருக்கிறாய், சரி. படிப்பவர் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருந்தால்? 'கண்ணாலும் கையாலும் கதை சொல்வது, நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம்' என்று எழுதியிருந்தால் அவருக்குக் கண்முன் ஒரு பாட்டி தெரிந்திருப்பார். மாதிரிக் காணொளியாக உன் அரங்கேற்றத்தை முழுசாக அனுப்பியிருக்கிறாய். இரண்டே கால் மணி நேரம்! பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மூன்று நிமிடம் சொல்லிக்கொடு, அதைக் கைபேசியில் எடு, போதும்.

அப்புறம் 'இதர செலவுகள் 2,000 வெள்ளி'. அந்த வரியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முதல் விண்ணப்பத்தில் நானும் அதே 'இதர'வைப் போட்டேன், 4,000 வெள்ளிக்கு. திருப்பி அனுப்பினார்கள். எங்கள் இயக்குநர், கலையை மதிக்கத் தெரியாதவர்கள் என்று ஒரு வாரம் கத்தினார். நான் அந்த 4,000ஐ உடைத்துப் பார்த்தேன். லாரி, பூ, சாப்பாடு, பிரிண்டர் மை எல்லாம் கூட்டினாலும் 2,300க்கு மேல் போகவில்லை. மீதிக்கு என்னிடமே பதில் இல்லை. அடுத்த முறை உடைத்தே எழுதினேன், கிடைத்தது. குறைவாகத்தான், ஆனால் கிடைத்தது.

தமிழ்க் கலை என்பதால் ஒதுக்கினார்களா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இந்த விண்ணப்பத்தை நானே பரிசீலித்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன் என்று மட்டும் தெரியும். எழுதிக் கேள், எங்கே குறை என்று. பதில் வந்தாலும் வராவிட்டாலும் கேட்டது நஷ்டமில்லை. உனக்கு 35 ஆகும்வரை தேசிய இளையர் மன்றத்தின் 'யங் சேஞ்ச்மேக்கர்ஸ்' மானியத்தையும் பார்க்கலாம், சமூகத்துக்குப் பயன்படும் சின்னத் திட்டங்களுக்கு அது. பள்ளிகளுக்குப் போக விருப்பமிருந்தால் கலைகள் மன்றத்தின் கலைக்கல்வித் திட்டத்தில் உன் வகுப்பைச் சேர்க்கப் பார். அதில் உள்ள நிகழ்ச்சிகளை வாங்கப் பள்ளிகளுக்கு டோட் போர்டு என்ற அரசாங்க அமைப்பின் உதவித்தொகை உண்டு. இரண்டு இடத்தில் கேட்டால் இரண்டு படிவத்திலும் அதைச் சொல்லிவிடு. ஒரே செலவுக்கு இருவரிடம் வாங்கி மாட்டிக்கொள்ளாதே.

கேள்வி: எங்கள் நடனப்பள்ளிக்கு யாராவது நன்கொடை கொடுத்தால் அரசாங்கம் அதே அளவு கொடுக்கும் என்கிறார்களே, உண்மையா?
– பிடோக் வாசகர்

பதில்: உண்மை, நிபந்தனையோடு. 2013இல் 200 மில்லியன் வெள்ளியுடன் தொடங்கிய 'கல்ச்சுரல் மேட்சிங் ஃபண்ட்' அது. தனியார் தரும் ரொக்க நன்கொடைக்கு வெள்ளிக்கு வெள்ளி. ஆனால் உங்கள் பள்ளி பதிவுபெற்ற அறநிறுவனமாக இருக்க வேண்டும். அதற்கு மேல் ஐபிசி, அதாவது பொதுநல அமைப்பு என்ற தகுதியும் இருந்தால், கொடுப்பவருக்கு 250 விழுக்காட்டு வரிக்கழிவு. 1,000 கொடுத்தவரின் வரிக்குரிய வருமானத்தில் 2,500 குறையும். செட்டியார் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒரு சலங்கை பூஜை நடத்தும் பள்ளிக்காக இத்தனை பதிவுகளும் தணிக்கையும் வேண்டுமா என்று யோசியுங்கள். டிக்கெட் விற்பதுதான் கவலை என்றால், உங்கள் நிகழ்ச்சி எஸ்ஜி கல்ச்சர் பாஸ் ஏற்கும் நிகழ்ச்சியாகத் தகுதி பெறுமா என்று விசாரியுங்கள். 2025இல் 18 வயதை எட்டிய, அதற்கு மூத்த சிங்கப்பூரர் ஒவ்வொருவர் கையிலும் கலை நிகழ்ச்சிகளுக்குச் செலவிட அதில் 100 வெள்ளி வந்தது, 2028 இறுதிவரை செல்லும். பலர் அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: அக்கா, கட்டுமான வேலைக்கு வந்தவன் நான். தங்கும் விடுதியில் எட்டுப் பேர் கவிதை எழுதுகிறோம். தொகுப்பு போட, வாசிக்க, உதவி உண்டா?
– துவாஸ் வாசகர்

பதில்: தம்பி, உங்கள் பெயரில் நேரடியாகக் கேட்பது கடினம், தனியாள் மானியத்துக்குக் குடியுரிமையோ நிரந்தரவாசமோ கேட்பார்கள். இங்கே பதிவுபெற்ற தமிழ் இலக்கிய அமைப்பு ஒன்று உங்களுக்காகத் திட்டத்தை எடுத்து நடத்தினால் வழி உண்டு. ஒன்றில் கவனம்: வேலை அனுமதியில் இருப்பவர் தம் முதலாளியைத் தவிர வேறிடத்தில் வேலை பார்க்கக்கூடாது. யாராவது சன்மானம் என்று உறை நீட்டினால், வாங்குமுன் மனிதவள அமைச்சிடம் கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள். எட்டுப் பேரின் கவிதைகளையும் எனக்கு அனுப்புங்கள். படிக்கத்தான், கணக்குப் பார்க்க இல்லை.

கேள்வி: ஒத்திகை நாளில் கோப்பிக் கடைக்காரர் ரசீது தருவதில்லை. 40 வெள்ளியை எப்படிக் காட்டுவது?
– தோ பாயோ வாசகி

பதில்: பேநவ்வில் (கைபேசிவழிப் பணம் அனுப்பும் முறை) கட்டிப் படம் பிடித்து வையுங்கள். ரொக்கம் என்றால் ஒரு சீட்டில் தேதி, எத்தனை பேர், எத்தனை கோப்பி என்று எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போடுங்கள். மானியக்காரர்கள் சாப்பாட்டுச் செலவை ஏற்கிறார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்காவிட்டால் அவரவர் கோப்பிக்கு அவரவரே கொடுங்கள். எங்கள் குழுவில் 22 ஆண்டும் அப்படித்தான், இயக்குநர் கோப்பி உட்பட. அவருக்கு மட்டும் இன்னும் எனக்கு 6 வெள்ளி 40 காசு பாக்கி இருக்கிறது.