ஊட்டியில் முழு சார்ஜ், இறக்கத்தில் மஞ்சள் எச்சரிக்கை

கேள்வி: ஜனவரியில் குடும்பத்துடன் ஊட்டி சென்றோம். விடுதியில் இரவு முழுவதும் மின்சாரக் காரை சார்ஜ் போட்டு, விடிந்ததும் 100 சதவீதத்துடன் கிளம்பினேன். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து பாதத்தை எடுத்தும் வழக்கம்போல் வேகம் குறையவில்லை. ரீஜென் குறைக்கப்பட்டுள்ளது என்று டேஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை வந்தது. காரமடை தாண்டியதும் தானாக மறைந்தது. குறை ஒன்றுமில்லை என்கிறது சர்வீஸ் சென்டர். நம்பலாமா?

பதில்: நம்பலாம். பேட்டரியில் இடமில்லை என்பதைத்தான் கார் உங்களிடம் சொன்னது. அதை முதன்முதலாக ஒரு மலை இறக்கத்தில், குடும்பத்தை வைத்துக்கொண்டு தெரிந்துகொள்ள நேர்ந்ததுதான் எனக்கு வருத்தம். காரை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது.

பாதத்தை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறுகிறது. சக்கரங்கள் அதைச் சுழற்றுகின்றன. அதற்காகும் இழுவைதான் உங்களுக்கு பிரேக் பிடித்ததுபோல் தெரிகிறது. இதைத்தான் ரீஜென் (ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்) என்கிறோம். உண்டாகும் மின்சாரம் போய்ச் சேர பேட்டரியில் இடம் வேண்டும். நிரம்பிய செல்லில் மேலும் திணித்தால் மின்னழுத்தம் பாதுகாப்பு எல்லையைத் தாண்டிவிடும். குளிரும் சேர்ந்துகொண்டால் லித்தியம் அயனிகள் செல்லின் ஒரு முனையில் இருக்கும் கிராஃபைட்டுக்குள் நுழைவது மந்தமாகி, மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியத் தொடங்கும். அந்தச் சேதத்தில் பெரும்பகுதியைச் சரிசெய்ய முடியாது. அதனால்தான் பேட்டரியைக் கண்காணிக்கும் கணினி ரீஜெனைக் குறைக்கிறது. முழு சார்ஜ், உறைபனிக் காலத்து விடியல் என்று உங்களுக்கு இரண்டும் ஒன்றாக வாய்த்துவிட்டன.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் சுமார் 325. ஆட்களும் பெட்டிகளும் சேர்ந்து 1,700 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு இறங்கும்போது ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் வெளிப்படும். சுமார் 50 கி.மீ. பாதையில் டயர் உராய்வும் காற்றும் 3 யூனிட்டைத் தின்றுவிடும். மீதி 6 யூனிட்டில், வழியில் ஆகும் இழப்பு போக 4 யூனிட் பேட்டரிக்கு வந்து சேரலாம். 40 யூனிட் பேட்டரியில் அது 10 சதவீதம். பேட்டரி வாங்க மறுத்தால் அந்த 6 யூனிட்டும் பிரேக் டிஸ்க்கில்தான் வெப்பமாக இறங்கும்.

ஆகவே மலைமேல் 80 அல்லது 85 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். சார்ஜ் வரம்பு வைக்கும் வசதி இல்லாவிட்டால் நேரத்தைக் கணக்கிட்டுப் பிடுங்கிவிடலாம். 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு சுமார் 3 யூனிட் ஏறும். எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட்) வகை பேட்டரியை அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்வார்கள். அதைச் சமவெளியில், வீட்டில் இருக்கும்போது செய்யுங்கள்.

ஏற்கெனவே நிரம்பிவிட்டதென்றால்? கால்பிரேக் ரீஜெனை நம்பி இல்லை, அது எப்போதும்போல் வேலை செய்யும். ஆனால் பெட்ரோல் காரில்போல் இரண்டாவது கியருக்கு மாற்றி இறங்க இதில் வழியில்லை. அதனால் சரிவு தொடங்கும் இடத்திலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். மிதியை லேசாக அழுத்தியபடியே இறங்கினால் பிரேக் ஆற நேரம் கிடைக்காது. சற்று அழுத்தமாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள். கருகல் வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். மின்சாரம் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், இருக்கும் கொஞ்ச ரீஜெனும் போய்விடும்.

எச்சரிக்கையின் நிறத்தைக் கவனியுங்கள். நீங்கள் பார்த்ததுபோல் ரீஜெனைப் பற்றி மட்டும் மஞ்சளில் வந்தால் நிதானமாக ஓட்டலாம். அதனுடன் ஏ.பி.எஸ். விளக்கும் எரிந்தால் விஷயம் வேறு; சக்கரம் வழுக்குவதைக் கண்டுபிடிக்கும் அமைப்பில் கோளாறு இருக்கலாம், ரீஜென் நின்றதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். விரைவில் காட்டிவிடுங்கள். வட்டத்துக்குள் ஆச்சரியக்குறியுடன் சிவப்பு விளக்கு வந்தால் முதலில் கைப்பிரேக் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். விட்டபிறகும் எரிந்தால் பிரேக் எண்ணெய் குறைந்திருக்கலாம், பிரேக்கே பழுதாகியிருக்கலாம். அப்படியே நிறுத்துங்கள், ஒரு வளைவுகூட இறங்க வேண்டாம்.

இன்னொன்று. ரீஜெனால் பிரேக் பேட் அதிகம் தேய்வதில்லை என்பதால் பிரேக் எண்ணெயைப் பலர் மறந்தேவிடுகிறார்கள். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஈரம் ஏறிய எண்ணெய் சூட்டில் எளிதில் கொதித்துவிடும், மிதி பஞ்சுபோல் உள்ளே போகும். ரீஜென் இல்லாத இறக்கத்தில்தான் அந்தச் சூடு ஏறுகிறது. பல நிறுவனங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்கின்றன. உங்கள் காரில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று சர்வீஸ் புத்தகத்தில் இன்றே பாருங்கள்.