விருந்துக்கு அழைத்தவரிடம் எதை, எப்போது சொல்வது

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் முட்டையும் சேர்க்காத சைவம். முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகள் உங்களுக்கு ஒவ்வாமை. மனைவிக்குச் சீலியாக் நோய் இருப்பதால் கோதுமை ஆகாது. இந்த நிலையில் அலுவலகத்தின் ஆண்டிறுதி விருந்துக்கும் பக்கத்து வீட்டாரின் பண்டிகை விருந்துக்கும் போவதா, ஏதாவது சாக்குச் சொல்லி ஒதுங்கிவிடுவதா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் போங்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் "இதெல்லாம் நாங்கள் சாப்பிட மாட்டோம்" என்று சொல்லிவிடாதீர்கள். கேட்பவருக்கு அது முழுவதும் விருப்பு வெறுப்பாகவே தோன்றும். சைவம் உங்கள் கொள்கை, கொட்டையோ உங்கள் உயிரோடு விளையாடும். கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் சிறு துணுக்கானாலும் உங்கள் மனைவியின் சிறுகுடலைப் பாதிக்கும். மருத்துவக் காரணம் உள்ள இரண்டையும் முதலில், தனியாகச் சொல்லுங்கள்.

பல கட்டுப்பாடுகள் சேரும்போது வரும் உண்மையான சிக்கல், ஒன்றுக்காகச் செய்யும் மாற்று இன்னொன்றைக் கெடுத்துவிடுவதுதான். பாலே சேராத வீகன் சீஸ் பலவும் முந்திரியில் செய்யப்படுபவை. இறைச்சிக்குப் பதிலாக வைக்கப்படும் செய்டான் முழுக்க முழுக்கக் கோதுமைப் புரதம். குளூட்டன் இல்லாத கேக்கில் மாவுக்குப் பதில் பாதாம் பொடியும், உதிராமல் இருக்க முட்டையும் சேர்ப்பது வழக்கம். இதனால், நல்ல மனதோடு மூன்று சிறப்புப் பண்டங்களை வாங்கி வைக்கும் வீட்டில்கூட உங்கள் இருவருக்கும் பொதுவாக எதுவுமே இல்லாமல் போகக்கூடும். எனவே சிறப்பு உணவு எதையும் கேட்காதீர்கள். உருளைக்கிழங்கு, காய்கறி, சோறு ஆகியவற்றை எண்ணெயும் உப்பும் மட்டும் சேர்த்து, மற்றவற்றோடு கலக்காத பாத்திரத்தில் சமைத்துத் தந்தால் போதும் என்று சொல்லுங்கள். சமைப்பவருக்கும் அது பெரிய நிம்மதி.

சைவம் என்று சொன்னாலும் சில பொருள்கள் ஓசையின்றி நுழைந்துவிடும். சில இனிப்புகளில் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். பார்மிஜானோ ரெஜியானோ சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் இருக்கும். வூஸ்டர் சாஸில் பொதுவாக நெத்திலி வகை மீன் சேரும். பொட்டலத்தின் மீதுள்ள குறிப்பு உதவும், ஆனால் நாட்டுக்கு நாடு மாறும்: ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 14 ஒவ்வாமைப் பொருள்களைக் குறிப்பிட வேண்டும், அமெரிக்காவில் 9. குளூட்டன் அற்றது என்று எழுத, இரண்டு இடங்களிலும் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. "கொட்டைகளின் தடயம் இருக்கலாம்" என்பது போன்ற எச்சரிக்கையோ அங்கெல்லாம் உற்பத்தியாளர் தாமாக எழுதுவது. அது அச்சாகவில்லை என்பதற்காகத் தடயமே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம்.

உணவகத்தில் நடக்கும் அலுவலக விருந்து ஒருவகையில் எளிது: சில நாள்களுக்கு முன்பே, கூட்டம் இல்லாத பிற்பகலில் தொலைபேசியில் அழைத்துச் சமையற்கூடப் பொறுப்பாளரிடம் பேசிவிடலாம். பொரிக்கும் எண்ணெய் பொதுவானதா என்று கட்டாயம் கேளுங்கள். பஃபேயாக இருந்தால், ஒரு தட்டின் கரண்டி அடுத்த தட்டுக்குப் போவதற்கு முன், முதல் ஆளாக எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடும் ஒவ்வாமை வந்தால் போட்டுக்கொள்ள மருத்துவர் அட்ரினலின் ஊசி எழுதித் தந்திருந்தால், அது காரில் அல்ல, உங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டும். பக்கத்தில் அமர்பவருக்கும் அது தெரிந்திருக்கட்டும்.

வீட்டு விருந்தில்தான் "ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?" என்ற அன்புத் தொல்லை வரும். நோயின் வரலாற்றை மேசையில் விரிக்காமல், "மருத்துவர் அறவே கூடாது என்று சொல்லியிருக்கிறார், ஆனால் உங்கள் உருளைக்கிழங்கை இன்னொரு முறை எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுங்கள். வீட்டிலிருந்து ஒரு பண்டம் கொண்டுபோவதும் நல்லதே. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, எல்லாரும் உண்ணும் அளவுக்குச் செய்து, உங்கள் பங்கை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

அழைப்பு வந்த அன்றே பக்கத்து வீட்டாருக்கு இப்படி எழுதலாம்: "அழைத்ததற்கு மிக்க நன்றி, கட்டாயம் வருகிறோம். எனக்குக் கொட்டைகளும் மனைவிக்குக் கோதுமையும் மருத்துவக் காரணத்தால் சிறிதும் ஆகாது. தவிர, நான் இறைச்சி, மீன், முட்டை உண்பதில்லை. எங்களுக்கென்று சிறப்பு உணவு எதுவும் வேண்டாம், எண்ணெயும் உப்பும் மட்டும் சேர்த்த உருளைக்கிழங்கோ காய்கறியோ சோறோ தனிப் பாத்திரத்தில் இருந்தால் போதும். அன்று என்னென்ன செய்கிறீர்கள் என்று சொன்னால், எதை உண்ணலாம் என்று பார்த்துக்கொண்டு, அனைவருக்கும் ஒரு பண்டம் நாங்கள் கொண்டுவருகிறோம்."