கட்சி ரத்தத்தில் ஊறியதா?

கேள்வி: அரசியல் கருத்து மரபணுவிலேயே இருக்கிறது என்று அமெரிக்காவில் நிரூபித்துவிட்டார்களாமே? அப்படியானால் மேடை, பிரசாரம், விவாதம் எல்லாம் வீண்தானே?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: அப்படி யாரும் நிரூபிக்கவில்லை. நீங்கள் கேள்விப்பட்டது அமெரிக்க அரசியல் அறிவியல் ஆய்வாளர்களான ஆல்ஃபோர்ட், ஃபங்க், ஹிப்பிங் மூவரும் 2005-இல் வெளியிட்ட இரட்டையர் ஆய்வாக இருக்கும். மரண தண்டனை, பள்ளியில் பிரார்த்தனை, சொத்து வரி என்று 28 விஷயங்களில் இரட்டையர்கள் சொன்ன பதில்களை அலசினார்கள். ஒரே கருவிலிருந்து பிறந்த, அதனால் மரபணுவும் ஒன்றாகவே இருக்கும் இரட்டையரின் பதில்கள், மற்ற இரட்டையரின் பதில்களைவிட அதிகமாக ஒத்துப்போயின. அதை வைத்து, மனிதர்களுக்கு இடையே காணும் கருத்து வேறுபாட்டில் சுமார் 43 சதவீதம் மரபணு சார்ந்தது என்று கணக்கிட்டார்கள்.

வேறுபாட்டில் 43 சதவீதம் என்பதைக் கவனியுங்கள். உங்கள் கருத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பிறவியிலேயே வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. நீங்கள் எந்தக் கட்சி என்ற கேள்விக்கு, அதே ஆய்வில் மரபணுவின் பங்கு வெறும் 14 சதவீதம். சேர்ந்து வளர்ந்த சூழலின் பங்கு 41. அதை ஏனோ யாரும் பரப்புவதில்லை.

அந்த 43-ஐயும் அப்படியே விழுங்க முடியாது. அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரே சட்டை தைத்துப் போடுகிறோம், ஊரே அவர்களை ஒரே ஆளைப் போல நடத்துகிறது. அதனால் வரும் ஒற்றுமையும் மரபணுக் கணக்கில் போய் விழுந்தால் எண் கூடத்தான் செய்யும்.

அப்புறம், கருத்து மாறக்கூடியது என்பதற்கு அமெரிக்காவின் பென்னிங்டன் கல்லூரியைப் பாருங்கள். 1930-களில் அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் ரிபப்ளிகன் கட்சியை ஆதரித்த வசதியான வீட்டுப் பெண்கள். 1936 தேர்தலில் முதலாண்டு மாணவிகளில் 62 சதவீதம் பேர் அக்கட்சி வேட்பாளர் லேண்டன் பக்கம். கடைசி இரண்டு ஆண்டு மாணவிகளிடம் அது 15 சதவீதம்தான். ஆசிரியர்களோடும் தோழிகளோடும் பேசிப் பேசி வந்த மாற்றம் அது.

சுபாவத்தில் பிறவியின் சாயல் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் ‘அவன் ரத்தமே அப்படி’ என்று முத்திரை குத்திவிட்டால், மாற்றுக் கட்சிக்காரரோடு வாதாடும் சிரமமே இல்லை பாருங்கள். அந்தச் சௌகரியத்துக்கு அறிவியலைச் சாட்சிக்கு இழுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.