எம்.ஓ.டி. வரலாற்றை வாசிப்பது எப்படி? பிரிட்டனில் பழைய கார் வாங்குவோருக்கான கேள்வி பதில்

பிரிட்டனில் 3 வயதைத் தாண்டிய கார், சாலையில் பாதுகாப்பாக ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் எம்.ஓ.டி. சோதனையில் ஆண்டுதோறும் தேற வேண்டும். வட அயர்லாந்தில் அது 4 வயது. பழைய கார் வாங்கப்போகிறவர்கள் இந்தச் சோதனைகள் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு, இங்கே கராஜ் வேலையில் நீண்ட காலம் இருப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

மாணவர், கோவென்ட்ரி: அண்ணா, 2,500 பவுண்டுக்கு ஒரு கார் பார்த்திருக்கிறேன். விற்பவர் எம்.ஓ.டி. சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பினார். அது போதுமா?

போதாது தம்பி. அந்தப் படம் ஒரே ஒரு நாளின் நிலவரத்தைத்தான் சொல்லும். அரசு இணையதளத்தில் எம்.ஓ.டி. வரலாற்றுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. காரின் பதிவு எண்ணை இட்டால் போதும். கட்டணம் இல்லை, உரிமையாளரின் அனுமதியும் தேவையில்லை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2005 முதல் நடந்த சோதனைகளும் வட அயர்லாந்தில் 2017 முதல் நடந்தவையும் அதில் கிடைக்கும். தேதி, ஓடிய மைல், தேறியதா தவறியதா, தவறியதற்குக் காரணம் என்ன என்று எல்லாம் இருக்கும். அண்மைச் சோதனைதான் மேலே வரும். நீங்கள் அடியிலிருந்து, பழையதிலிருந்து வாசித்து மேலே வாருங்கள். அப்போதுதான் கார் எப்படி வளர்ந்தது, யார் கவனித்தார்கள், எப்போது கைவிட்டார்கள் என்பது புரியும். பதிவு எண்ணைக் கொடுக்கத் தயங்குகிறவரிடம் காரைப் பார்க்கவே போகாதீர்கள்.

இல்லத்தரசி, ஹாரோ: நாங்கள் பார்த்த கார் மூன்று முறை எம்.ஓ.டி.யில் தவறியிருக்கிறது. வேண்டாம் என்கிறார் கணவர். விட்டுவிடலாமா?

எதற்காகத் தவறியது என்று பாருங்கள் சகோதரி. விளக்கு எரியவில்லை, வைப்பர் துடைக்கவில்லை, டயர் தேய்ந்து 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டது என்பதெல்லாம் சிறு செலவு. தவறிய அன்றோ மறுநாளோ தேறியிருந்தால் உரிமையாளர் உடனே பணம் செலவழித்திருக்கிறார் என்று பொருள். அப்படிப்பட்ட காரை நான் தயக்கமின்றி வாங்கச் சொல்வேன்.

என்னை அச்சுறுத்துவது தேறிய சோதனைகளின் கீழே இருக்கும் அட்வைசரி வரிகள்தான். இப்போதைக்குத் தேறிவிட்டது, ஆனால் இதைக் கவனியுங்கள் என்று சோதனையாளர் எழுதிவைப்பது அது. 'பிரேக் குழாயில் துரு' என்று ஓர் ஆண்டு வருகிறது. அடுத்த ஆண்டும் அதே வரி. மூன்றாம் ஆண்டு 'துரு அதிகம்' என்று மாறுகிறது. சட்டம் கட்டாயப்படுத்தும் வரை ஒரு ரூபாயும் செலவழிக்காத கையில் இருந்த கார் அது. பிரேக் குழாயையே கவனிக்காதவர் எஞ்சின் ஆயிலை நேரத்துக்கு மாற்றியிருப்பார் என்று எப்படி நம்புவது?

அதைவிடக் கவலைக்குரிய இன்னொன்று உண்டு. போன ஆண்டு வரை 'அடிச்சட்டத்தில் துரு' என்று இருந்தது, இந்த ஆண்டு ஒரு வரியும் இல்லை. துரு தானாக மறையாது. ஒன்று, வெட்டி ஒட்டுப்போட்டிருக்க வேண்டும். அதற்கான பில்லைக் கேளுங்கள். அல்லது மேலே கறுப்புப் பூச்சு அடித்து மறைத்திருக்க வேண்டும். சோதனையாளர் எதையும் கழற்றிப் பார்க்கமாட்டார். 'அடித்தட்டு மூடியிருப்பதால் சில பாகங்கள் தெரியவில்லை' என்று அவரே எழுதியிருப்பதும் உண்டு. பயப்பட வேண்டிய வரி அல்ல அது. ஆனால் அந்த இடத்தை யாரும் பார்க்கவில்லை என்று உங்களுக்குச் சொல்லும் வரி.

2018 மே 20 முதல் குறைகளை ஆபத்தானவை, பெரியவை, சிறியவை என்று பிரித்து எழுதுகிறார்கள். முதல் இரண்டில் எது இருந்தாலும் கார் தவறிவிடும். அதற்கு முந்தைய ஆண்டுகளில் இந்தப் பிரிவுகள் இல்லையே என்று குழம்ப வேண்டாம்.

வாசகர், லெஸ்டர்: ஒரு காரில் மைல் கணக்கு 2017 இல் 43,000, 2018 இல் 52,000, 2019 இல் 71,000, 2021 இல் 64,000 என்று இருக்கிறது. 2020 இல் சோதனையே இல்லை. மீட்டரைத் திருப்பிவிட்டார்களா?

முதலில் 2020. கொரோனா காலத்தில் 2020 மார்ச் 30 முதல் ஜூலை 31 வரை எம்.ஓ.டி. முடியவிருந்த கார்களுக்கு அரசே 6 மாத நீட்டிப்புக் கொடுத்தது. உங்கள் காரின் தேதி அதற்குள் வந்தால் அந்த இடைவெளியில் தவறில்லை.

இனி மைல். 2018 வரை ஆண்டுக்கு 9,000 மைல் ஓடிய கார் இது. 2019 இல் 71,000 என்பதை 61,000 என்று மாற்றி வைத்துப் பாருங்கள். 43, 52, 61, பிறகு 64 என்று வரிசை அழகாகப் பொருந்துகிறது. ஊரடங்கில் கார் நின்றிருந்ததும் பொருந்துகிறது. ஓர் எண்ணைத் தவறாகத் தட்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் 2019 ஐ ஒட்டிய சர்வீஸ் பில் ஒன்றையாவது கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். முந்தைய ஆண்டுகளில் 18,000, 19,000 என்று ஓடியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

எல்லோருக்கும் இன்னொன்று. முதல் 3 ஆண்டுகளுக்கு எம்.ஓ.டி. இல்லை என்பதால் அந்தக் காலத்து மைலும் இந்தப் பதிவில் இல்லை. குத்தகைக் கார்களில் மைல் வரம்பைத் தாண்டினால் அபராதம் உண்டு. மீட்டரைத் திருப்பும் ஆசை அங்கேதான் பிறக்கிறது. அந்த 3 ஆண்டுக்குச் சர்வீஸ் பதிவேடுதான் சாட்சி.

வாசகர், ஈஸ்ட் ஹாம்: 'புதிதாக 12 மாத எம்.ஓ.டி.' என்று விளம்பரம். எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் இவற்றின் நிலையை எம்.ஓ.டி.யில் சோதிப்பதே இல்லை. புகையை அளப்பார்கள், அவ்வளவுதான். எஞ்சினுக்குள் இருக்கும் டைமிங் பெல்ட் நாளை அறுந்தாலும் இன்று கார் தேறிவிடும். விற்பதற்கு முதல் நாள் எடுத்த சான்றிதழ் எனக்குப் பெரிதாகப் படுவதில்லை. ஆண்டுதோறும் நாலைந்து அட்வைசரி வாங்கிய கார் அன்று மட்டும் சுத்தமாகத் தேறியிருந்தால் எந்த கராஜில் நடந்தது என்று பாருங்கள். வி5சி எனப்படும் லாக் புக்கில் உள்ள 11 இலக்க எண்ணை இட்டால் சோதனை நடந்த இடமும் தெரியும். காரைப் பார்க்கப் போகும்போது அதை விற்பவரிடமே கேட்டு அங்கேயே தட்டிப் பாருங்கள்.

வாசகர், இல்ஃபோர்ட்: டொயோட்டா பிரியஸ் கார் ஒன்று பார்த்தேன். வாடகைக்கு ஓடியதா என்று எப்படித் தெரியும்?

வாடகைக் கார்களுக்கு உரிமம் கொடுக்கும் பல நகராட்சிகள் 3 வயதுக்கு முன்பே எம்.ஓ.டி. கேட்கும். ஒன்றரை வயதிலேயே சோதனை, ஓர் ஆண்டில் இரண்டு சோதனை, ஆண்டுக்கு 30,000 மைல் என்று வந்தால் அது வீட்டுக் கார் அல்ல. நன்றாகப் பராமரித்த வாடகைக் காரும் இருக்கிறது. விலை மட்டும் அதற்கேற்ப இறங்க வேண்டும்.

வாசகர், குரோய்டன்: எம்.ஓ.டி. வரலாறு சுத்தமாக இருக்கிறது. காசு கொடுத்து, காரின் கடன், திருட்டு, விபத்துப் பதிவுகளைத் தேடித் தரும் எச்.பி.ஐ. போன்ற சோதனையும் வேண்டுமா?

வேண்டும். தவணைக் கடன் பாக்கி, திருட்டு, காப்பீட்டு நிறுவனம் 'எஸ்' (கட்டமைப்பு சேதமானது) அல்லது 'என்' (கட்டமைப்பு சேதமாகாதது) வகையில் கழித்த விபத்துக் கார் இவை எதுவும் எம்.ஓ.டி. பக்கத்தில் வராது. 2017 அக்டோபருக்கு முன் கழித்தவை பழைய வகைப் பெயர்களில் 'சி', 'டி' என்று இருக்கும். லாக் புக்கில் பெயர் இருப்பதால் மட்டும் அவர் உரிமையாளர் ஆகிவிடமாட்டார். அது உரிமைப் பத்திரம் அல்ல.

வாசகர், மில்டன் கீன்ஸ்: டீலரிடம் வாங்கி 2 வாரத்தில் பெரிய பழுது. திருப்பிக் கொடுக்க முடியுமா?

வாங்கும்போதே அந்தக் குறை இருந்தது என்றால், 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் காரை மறுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இன்றே எழுத்தில் கொடுங்கள், தொலைபேசியில் பேசி நாளைக் கடத்தாதீர்கள். பழைய அட்வைசரி ஒன்றில் இதே பாகம் குறிப்பிடப்பட்டிருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து இணையுங்கள். குறை முன்பே இருந்தது என்பதற்கு அது நல்ல சான்று. தனியாரிடம் வாங்கியிருந்தால் இந்த 30 நாள் உரிமை கிடையாது. பெரும்பாலும், அவர் சொன்னதற்கும் காருக்கும் பொருந்தாவிட்டால்தான் வழக்காட முடியும். ஆகவே தனியாரிடம் வாங்குகிறவர்கள் விளம்பரத்தையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.