பரிசுத்தவான்கள் உலகத்தை நியாயந்தீர்ப்பார்களா? – கேள்வி பதில்

கொரிந்து பட்டணத்துச் சபையாருக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதின முதல் நிருபத்தின் (கடிதத்தின்) 6ஆம் அதிகாரத்தில் ஒரு வரி உண்டு: "பரிசுத்தவான்கள் உலகத்தை நியாயந்தீர்ப்பார்களென்று அறியீர்களா?" வேதபாட வகுப்பில் இதைத் தொட்டதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, நியாயாதிபதி இயேசு ஒருவர்தானே? அந்த இடத்தில் நமக்கு என்ன வேலை?

ஒருவர்தான். பிதா நியாயத்தீர்ப்பு செய்யும் அதிகாரம் முழுவதையும் குமாரனுக்கே ஒப்புக்கொடுத்தார் என்கிறது யோவான் 5:22. ஆனால் அதே குமாரன், நீங்கள் பன்னிரண்டு சிங்காசனங்களில் உட்கார்ந்து இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களை நியாயந்தீர்ப்பீர்கள் என்று சீஷர்களிடம் சொல்கிறார் (மத்தேயு 19:28). வெளிப்படுத்தல் 3ஆம் அதிகாரத்திலோ, ஜெயங்கொள்ளுகிறவன் என்னோடேகூட என் சிங்காசனத்தில் உட்காருவான் என்கிறார். நமக்கென்று தனி ஆசனம் போடப்படுவதில்லை, அவருடைய ஆசனத்தில் இடம் கொடுக்கப்படுகிறது.

இதன் வேர் தானியேல் 7. அங்கே மனுஷகுமாரனுடைய சாயலான ஒருவருக்கு ராஜ்யம் கொடுக்கப்படுகிறது. அதே அதிகாரம் முடிவதற்குள் அந்த ராஜ்யம் உன்னதமானவருடைய பரிசுத்தவான்களுக்கும் கொடுக்கப்படுகிறது. பவுலின் மனதில் இந்தக் காட்சிதான் ஓடியிருக்க வேண்டும்.

இன்னொன்று. நியாயந்தீர்த்தல் என்றதும் நமக்குக் கூண்டும் தண்டனையும்தான் கண்முன் வருகின்றன. எபிரெயத்தில் அந்தச் சொல்லுக்குள் ஆளுதலும் அடங்கும். நியாயாதிபதிகள் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பேரீச்சமரத்தின் கீழ் உட்கார்ந்து வழக்குக் கேட்டவள் தெபொராள். கிதியோனைப் போன்றவர்கள் ஒடுக்கப்பட்ட ஜனத்தை மீட்கப் போனவர்கள்.

கேள்வி: பரிசுத்தவான்கள் என்றால் தனிச் சிறப்புள்ள சிலரா? என்னைப் போன்ற சாதாரண விசுவாசிக்கு இதில் பங்கு உண்டா?

இந்த நிருபம் யாருக்குப் போனது என்று பாருங்கள். கட்சி கட்டிச் சண்டை போட்டவர்கள். தகப்பனுடைய மனைவியை வைத்துக்கொண்டிருந்தவனைக் கண்டும் இறுமாந்திருந்தவர்கள். கர்த்தருடைய பந்திக்கு வந்து ஒருவன் பசியாயிருக்க ஒருவன் வெறித்திருந்த கூட்டம். இவர்களைத்தான் முதல் அதிகாரத்திலேயே "பரிசுத்தவான்களாகும்படி அழைக்கப்பட்டவர்கள்" என்கிறார் பவுல். நானாக இருந்தால் அந்த முகவரியை எழுத என் கை கூசியிருக்கும்.

பரிசுத்தம் என்பது முதலில் தேவனுக்கென்று பிரித்தெடுக்கப்படுதல். அது நாம் சம்பாதித்தது அல்ல. "கழுவப்பட்டீர்கள், பரிசுத்தமாக்கப்பட்டீர்கள்" என்று 6:11 நடந்து முடிந்த காரியமாகவே பேசுகிறது. ஆனால் பரிசுத்தமில்லாமல் ஒருவனும் கர்த்தரைத் தரிசிப்பதில்லை என்று எபிரெயர் 12:14 சொல்வதும் வேதம்தான். பிரித்தெடுக்கப்பட்டவன் பிரித்தெடுக்கப்பட்டவனாகவே வாழ வேண்டும். முதலாவதை மட்டும் பிடித்தவர்கள் துணிகரத்தில் போய் விழுகிறார்கள், இரண்டாவதை மட்டும் பிடித்தவர்கள் பயத்திலேயே செத்துப்போகிறார்கள். இரண்டு வகையினரையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: அடுத்த வசனத்தில் தேவதூதர்களையும் நியாயந்தீர்ப்போம் என்கிறாரே பவுல்?

சொல்கிறார், விளக்கவில்லை. பாவஞ்செய்த தூதர்கள் நியாயத்தீர்ப்புக்கென்று வைக்கப்பட்டிருப்பதாக 2 பேதுருவும் யூதாவும் சொல்வதால் அவர்களையே பவுல் குறிப்பிடுகிறார் என்பது பலருடைய கருத்து. எல்லாத் தூதர்கள்மேலும் ஆளுகை என்று கொள்கிறவர்களும் உண்டு. எனக்கு முதலாவது பொருத்தமாகப் படுகிறது. இதற்குமேல் துருவினால் அது கற்பனை.

கேள்வி: அலுவலகத்தில் என் விசுவாசத்தைக் கேலி செய்கிற மேலாளர் ஒருவர் இருக்கிறார். அந்த நாளில் அவரை நான் நியாயந்தீர்ப்பேன் என்று அவரிடமே சொல்லலாமா?

வேண்டாம் தம்பி. சொன்னால் உங்கள் விசுவாசத்தோடு வேலையும் சோதிக்கப்படும்.

விளையாட்டு போகட்டும். இதே நிருபத்தின் 4:5இல், கர்த்தர் வருமளவும் காலத்துக்குமுன்னே தீர்ப்புச் சொல்லாதிருங்கள் என்கிறார் பவுல். 5ஆம் அதிகாரத்திலோ, புறம்பே இருக்கிறவர்களைக் குறித்துத் தீர்ப்புச்செய்கிறது என் காரியமா என்று கேட்கிறார். மேலாளர் புறம்பே இருக்கிறவர். மலைப்பிரசங்கத்தின் "குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்" என்பதும் இதோடு மோதவில்லை. வருங்காலத்தில் தரப்படும் பொறுப்பை இன்றைக்கே கையில் எடுத்துக்கொள்வதைத்தான் இரண்டும் தடுக்கின்றன.

அந்த நாளின் நியாயத்தீர்ப்பு எப்படியிருக்கும் என்பதற்கு இயேசு ஒரு துப்புக் கொடுத்திருக்கிறார். நினிவே பட்டணத்தாரும் தென்தேசத்து ராஜஸ்திரீயும் எழுந்து இந்தச் சந்ததியாரின்மேல் குற்றஞ்சுமத்துவார்கள் என்றார் (மத்தேயு 12). அவர்கள் எதை வைத்துக் குற்றஞ்சுமத்துகிறார்கள்? யோனாவின் பிரசங்கத்தைக் கேட்டு மனந்திரும்பினதையும், சாலொமோனின் ஞானத்தைக் கேட்கப் பூமியின் எல்லையிலிருந்து வந்ததையும் வைத்து. நோவாவும் பேழையைக் கட்டினான். அதனாலேயே உலகம் ஆக்கினைக்குள்ளானதென்று தீர்த்தான் என்கிறது எபிரெயர் 11:7. உங்கள் மேலாளர் உங்களிடம் ஒரு பொய்க்கணக்கு கேட்டு, நீங்கள் முடியாது என்று மரியாதையாகச் சொன்னால், அது போதும்.

கேள்வி: அப்படியானால் விசுவாசி கோர்ட்டுக்கே போகக் கூடாதா?

இங்கேதான் நான் கொஞ்சம் கோபப்பட வேண்டியிருக்கிறது.

பவுல் பேசுவது "அற்ப வழக்குகள்" பற்றி: சகோதரனோடு சகோதரன், பணம், பொருள், நஷ்டம். உலகத்தையே நியாயந்தீர்க்கப்போகிறவர்களுக்குள் இதைத் தீர்த்துவைக்க ஒரு விவேகி கிடைக்கவில்லையா என்று கிண்டலாகவே கேட்கிறார். அந்த அதிகாரத்தில் "அறியீர்களா" என்ற கேள்வி மட்டும் ஆறு முறை வருகிறது. நியாயாசனத்தைப் பற்றிய வாக்கு ஒரு கண்டிப்பின் நடுவிலே வந்திருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இந்த வசனத்தைக் குற்றங்களை மூடிமறைக்க எடுத்தால் அது அக்கிரமம். பிள்ளையைச் சீரழித்தவனையும் மனைவியை அடிக்கிறவனையும் "சபைக்குள்ளே பேசிக்கொள்ளலாம்" என்று காப்பாற்றுகிறவர்கள் 6:7இல் "நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்ற பகுதியை அடிபட்டவருக்கு வாசித்துக் காட்டுகிறார்கள். அடுத்த வசனம், அநியாயஞ்செய்கிறவனைப் பார்த்துச் சொன்னது, அவர்கள் வாயில் வருவதே இல்லை. தீமை செய்கிறவனைத் தண்டிக்க அதிகாரத்துக்குப் பட்டயம் (வாள்) கொடுக்கப்பட்டிருக்கிறது என்று ரோமர் 13இல் எழுதியவரும் பவுல்தான். தமக்கு அநியாயம் நடக்கவிருந்தபோது இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசனுக்கு, அபயமிட்டு மேல்முறையீடு செய்தவரும் அவரேதான் (அப்போஸ்தலர் 25). குற்றம் நடந்திருந்தால் போலீசிடம் போங்கள்.

பணத்தகராறுகளுக்கு, ஆம், சபையில் உட்கார்ந்து பேசலாம். ஆனால் அது எளிதல்ல. இரண்டு சகோதரர்களின் சொத்துப் பிரச்சினையில் நானும் ஒருமுறை உட்கார்ந்தேன். முதலில் பேசியவர் அழுதார், நான் உருகிவிட்டேன். மற்றவர் பத்திரங்களோடு வந்தபோது என் மனதில் தீர்ப்பு எழுதி முடிந்திருந்தது. தன் வழக்கிலே முதல் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான் என்ற நீதிமொழிகள் 18:17 அன்று இரவுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு வீட்டுச் சுவர் விஷயத்திலேயே இந்த லட்சணம் என்றால், உலகத்தை என்னிடம் எப்படி ஒப்படைப்பார்கள்?

கேள்வி: நியாயந்தீர்க்கிறவர்களுக்கும் நியாயத்தீர்ப்பு உண்டா?

உண்டு. நாமெல்லாரும் கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன்பாக வெளிப்பட வேண்டும் என்று 2 கொரிந்தியர் 5:10 சொல்கிறது. கொரிந்தியருக்கு அது வெறும் உவமை அல்ல. அவர்கள் ஊர்ச் சந்தைவெளியில் ஒரு கல் மேடை இருந்தது. அகழ்வாய்வில் அது வெளிப்பட்டிருக்கிறது. கல்லியோன் அங்கே ரோம அதிபதியாயிருந்த காலத்தில், சுமார் 51ஆம் ஆண்டில், பவுலை நியாயாசனத்துக்கு முன்பாகத்தான் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கல்லியோன் வழக்கைக் கேட்கவே மறுத்தான், தன் எதிரிலேயே ஜெபஆலயத் தலைவனாகிய சொஸ்தேனை அடித்தபோதும் கண்டுகொள்ளவில்லை. அப்படிப்பட்ட நியாயாதிபதியைப் பார்த்தவர் பவுல்.

விசுவாசிக்கு அங்கே ரட்சிப்பு கேள்விக்குறியாவதில்லை, வேலைப்பாடு சோதிக்கப்படுகிறது. மரம், புல், வைக்கோலால் கட்டினவன் நஷ்டமடைவான், அவனோ அக்கினியில் அகப்பட்டுத் தப்பினதுபோல இரட்சிக்கப்படுவான் (1 கொரிந்தியர் 3).

கேள்வி: இது ஆயிர வருஷ அரசாட்சியிலா, அதற்குப் பிறகா?

சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உள்ள இடம். கிறிஸ்துவோடு ஆயிரம் வருஷம் அரசாளுவதைச் சொல்லும் வெளிப்படுத்தல் 20:4ஐ வருங்கால அரசாட்சியாக வாசிக்கிறவர்கள் உண்டு; ஆதிச் சபையின் போதகர் அகஸ்டின் காலத்திலிருந்தே அதைச் சபையின் காலமாக வாசிக்கிறவர்களும் உண்டு. என் கண் வேறொன்றில் நிற்கிறது. அந்த வசனம் சிங்காசனங்களைக் காட்டியவுடன், சாட்சியினிமித்தம் சிரச்சேதம் பண்ணப்பட்டவர்களைக் காட்டுகிறது. இவ்வுலக நீதிமன்றங்கள் குற்றவாளிகள் என்று தீர்த்தவர்கள் அங்கே அரசாளுகிறார்கள்.

கேள்வி: என் மகன் விசுவாசத்தில் இல்லை. அந்த நாளில் பெற்ற தாயே மகனை நியாயந்தீர்க்க வேண்டுமா? இதை நினைத்துத் தூக்கம் போய்விட்டது.

அம்மா, தாய் மகனுக்குத் தீர்ப்பு எழுதுவாள் என்று வேதத்தில் எங்கும் இல்லை. ஆதியாகமம் 18ஐ வாசியுங்கள். நான் செய்யப்போகிறதை ஆபிரகாமுக்கு மறைப்பேனோ என்று கர்த்தர் சோதோம் பட்டணத்தின் நியாயத்தீர்ப்பை ஒரு மனிதனோடு பகிர்ந்துகொண்ட இடம் அது. ஆபிரகாம் அங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. ஐம்பது நீதிமான்கள் இருந்தால் பட்டணத்தை அழிக்காதிரும் என்று தொடங்கிப் பத்துப் பேர் வரைக்கும் கெஞ்சினான். சோதோமில் அந்தப் பத்துப் பேரும் இருக்கவில்லை. ஆனாலும் தேவன் ஆபிரகாமை நினைத்து, அங்கே குடியிருந்த அவன் சகோதரன் மகன் லோத்தை வெளியே அனுப்பிவிட்டார் என்று 19:29 சொல்கிறது. அத்தனை கெஞ்சலில் லோத்தின் பெயரை ஆபிரகாம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நீங்கள் உங்கள் மகனின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.