பாடசாலை துணை நின்றால் பிள்ளை வழிதவறாமல் இருப்பானா?

கேள்வி: மகன் ஒன்பதாம் தரம், திருகோணமலையில் படிக்கிறான். இந்த வருஷம் தொடங்கியதில் இருந்து வகுப்பில் சண்டை, கட் அடிப்பது, ஆசிரியர்களை எதிர்த்துப் பேசுவது. பாடசாலையில் போய்க் கேட்டால் "வீட்டு வளர்ப்பு சரியில்லை" என்கிறார்கள். இந்த விஷயத்தில் பாடசாலையால் உண்மையில் ஏதும் செய்ய முடியுமா? வேறு பாடசாலைக்கு மாற்றினால் நல்லதா?

பதில்:

முடியும். நிறையவே முடியும். வீட்டுப் பொறுப்பு என்று சொல்லிக் கை கழுவுவதை நான் ஏற்கமாட்டேன். பதினாலு வயதுப் பிள்ளை பாடசாலை நாட்களில் விழித்திருக்கும் நேரத்தில் பெரிய ஒரு பங்கை அங்கேதான் கழிக்கிறான். அவன் கண்முன் நடமாடும் பெரியவர்களில் தாய் தகப்பனுக்கு அடுத்தபடி ஆசிரியர்கள்தான் அதிகம்.

நானும் திருகோணமலைதான். பத்தாம், பதினோராம் தரங்களுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கடற்கரைக் கிராமம். தாய் குவைத்தில் வீட்டு வேலை, இவன் அம்மம்மாவோடு. கிழமையில் ரெண்டு நாள் வரமாட்டான். வந்தாலும் முதல் இரண்டு பாடமும் தலை மேசையில்தான். தட்டி எழுப்பினால் சீறுவான். ஒருநாள் பக்கத்துப் பையனின் மூக்கை உடைத்துவிட்டான். ஆசிரியர் அறையில் அநேகம் பேர் விடுகைப் பத்திரத்தைக் கொடுத்து அனுப்புவோம் என்றார்கள்.

எங்கள் பகுதித் தலைவர் மட்டும் வரவு இடாப்பை எடுத்து விரித்தார். மாரியில் அவன் ஒழுங்காக வந்திருக்கிறான். மாரி முடிந்து கடல் அடங்கிய பிறகுதான் வரவு குறைந்திருக்கிறது. பையனைக் கூப்பிட்டு, "ஏன் அடித்தாய்?" என்று கேட்காமல், "கையைக் காட்டு" என்றார். இரண்டு உள்ளங்கையிலும் கயிறு அறுத்த தடம், சிலது இன்னும் ஆறவில்லை. விடியப்புறம் கரைவலை இழுத்துவிட்டு, கிடைக்கிற மீனை அம்மம்மாவிடம் கொடுத்துவிட்டுத்தான் வகுப்புக்கு வந்திருக்கிறான். அடித்த காரணமும் அப்புறம்தான் வந்தது. வெளிநாட்டில் இருக்கிற தாயைப் பற்றி மற்றவன் ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கிறான்.

அடித்ததற்குத் தண்டனை இருந்தது. காயப்பட்ட பையனின் வீட்டாருக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டான். அதோடு நிற்கவில்லை. பகுதித் தலைவர் நேரே வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் போய், இந்தப் பிள்ளையை இனி வலைக்குக் கூப்பிடக் கூடாது என்று பேசி முடித்தார். பழைய மாணவர் சிலர் அம்மம்மாவுக்கு மாதச் சாமான் ஒழுங்கு செய்தார்கள். இல்ல விளையாட்டுப் போட்டி வந்தபோது மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிற வேலை இவன் தலையில் விழுந்தது. அளவு நாடாவோடு அவன் நின்ற நிற்பைப் பார்க்க வேண்டும், ஒருவரையும் கோட்டை மிதிக்க விடவில்லை. அதற்குப் பிறகும் ஒரு தடவை சண்டை பிடித்தான், கோபம் ஒரு தவணையில் போய்விடுகிற சாமானா? ஆனால் வரவு நின்றுபோகவில்லை. பதினோராம் தர முடிவில் வரும் ஓஎல் பரீட்சையில் கணிதத்துக்கு எஸ், அதாவது சாதாரண சித்தி, எடுத்தான். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

இது ஒரு பிள்ளையின் கதை என்று தள்ளிவிடாதீர்கள். அமெரிக்காவில் 7 முதல் 12 ஆம் வகுப்பு வரையான ஏறத்தாழ 12,000 பிள்ளைகளை வீட்டிலேயே சந்தித்துக் கேட்ட ஓர் ஆய்வு 1997 இல் வெளிவந்தது. வன்முறை, சிகரெட், குடி, கஞ்சா, தற்கொலை எண்ணம் எல்லாவற்றையும் பார்த்தார்கள். இவற்றிலிருந்து பிள்ளையைக் காக்கிறவை என்று முன்னுக்கு நின்றவை இரண்டு: பெற்றோரோடு நெருக்கம், பாடசாலையோடு நெருக்கம். இரண்டாவதை அளக்கக் கேட்ட கேள்விகள் மிகச் சாதாரணமானவை. ஆசிரியர்கள் உன்னை நியாயமாக நடத்துகிறார்களா? அங்கே உள்ளவர்களோடு ஒட்டுதல் இருக்கிறதா? நீ அந்தப் பாடசாலையின் பிள்ளை என்று உனக்குத் தோன்றுகிறதா?

அதே தரவை வைத்து 2002 இல் வந்த இன்னொரு கட்டுரையை ஒவ்வொரு அதிபரும் படிக்க வேண்டும் என்பேன். சின்னக் குற்றத்துக்கும் கடுமையாக வெளியே அனுப்புகிற பாடசாலைகளில் பிள்ளைகளின் ஒட்டுதல் பொதுவாகவே குறைவாக இருந்தது. நம் ஊரில் ஒரு துடியாட்டக்காரனை அனுப்பினால் மற்ற நாற்பது பேரும் திருந்துவார்கள் என்று நினைக்கிறோம். அந்த நாற்பது பேரும் பார்த்துப் படிக்கிற பாடம் "நாளைக்கு எனக்கும் இதுதான்" என்பதாக இருக்கலாம். வெளியே போன பிள்ளைக்கு யார் காத்திருக்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். மாவா, ஐஸ் என்று போதைப்பொருள் விற்கிறவனுக்கு வரவு இடாப்புத் தேவையில்லை.

சரி, நல்ல பிள்ளைகளுக்குத்தானே பாடசாலை பிடிக்கும், எது முதல் எது பிறகு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாடசாலைச் சூழலை மாற்றினால் என்ன நடக்கும் என்று பார்க்க பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 பாடசாலைகளில் ஒரு பரிசோதனை செய்தார்கள், முடிவு 2018 இல் வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்தான், உங்கள் மகனின் வகுப்பு. சில பாடசாலைகளுக்கு அதற்கென்றே பயிற்சி பெற்ற ஒரு ஆலோசகரை அனுப்பினார்கள். மருத்துவர் அல்ல, அந்தப் பக்கத்து ஆள்தான். சுவர்ப் பத்திரிகை, பிள்ளைகள் தங்கள் பிரச்சினையை எழுதிப் போட ஒரு பெட்டி, தனியே உட்கார்ந்து பேச நேரம் என்று நடத்தினார். எட்டு மாதத்தில் பாடசாலைச் சூழல் மாறியது, பிள்ளைகள் ஒருவரை ஒருவர் வதைப்பதும் வன்முறையும் மனச்சோர்வும் குறைந்தன. வேறு சில பாடசாலைகளில் இதே வேலையை அங்கிருந்த ஆசிரியரிடமே கொடுத்தார்கள். அங்கே பயன் தெரியவில்லை.

ஆசிரியராக இதைப் படித்தபோது எனக்கு வலித்தது, ஆனால் நம்ப முடிகிறது. நாற்பது கொப்பி திருத்தி, பாடத்திட்டம் முடித்து, பதிவுகள் எழுதி, அதன் மேல் ஒரு பிள்ளையின் மனதைக் கேட்க நேரம் எங்கே? நம் பாடசாலைகளிலும் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் என்று ஒருவர் இருப்பார், அவருக்கும் பாடவேளைகளை நிரப்பிவிட்டால் அந்த அறை பூட்டியே கிடக்கும். அவருக்கு வெறும் நேரம் கொடுங்கள் என்பதுதான் நான் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்பது.

இப்போது உங்கள் விஷயம். முறைப்பாடு வந்த நாளில் போகாதீர்கள், வேறொரு நாள் வகுப்பாசிரியரிடம் போங்கள். எந்தெந்த நாள் வரவில்லை, எந்தப் பாடத்தில் சண்டை வருகிறது, யாரோடு என்று கேளுங்கள். அநேகமாக அதில் ஒரு ஒழுங்கு தெரியும். வாசிக்கத் தெரியாமல் வெட்கத்தில் குழப்பம் செய்கிற பிள்ளைகளும் உண்டு, அதையும் பார்க்கச் சொல்லுங்கள். மகனுக்கு ஏதாவது ஒரு பொறுப்புக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஆசிரியர் அடித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2016 சுற்றறிக்கை இருக்கிறது. பதினாறு வயது வரை கல்வி கட்டாயம் என்பதால், "கூட்டிக்கொண்டு போங்கள்" என்று சும்மா சொல்லிவிடவும் முடியாது. பாடசாலை காது கொடுக்காவிட்டால் வலயக் கல்வி அலுவலகம் இருக்கிறது. பிள்ளைக்கு யாராவது தொல்லை கொடுப்பதாகச் சந்தேகம் வந்தால் 1929, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். போதைப்பொருள் என்றோ, உயிரை மாய்க்கிற பேச்சு என்றோ வந்தால் வகுப்பாசிரியரை நம்பிக் காத்திருக்க வேண்டாம், பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு நேரே கூட்டிப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கமான 1926 க்கு எடுத்தும் பேசலாம்.

பாடசாலை மாற்றுவதற்கு முன் அவனிடமே ஒன்று கேளுங்கள்: அங்கே உனக்குப் பிடித்த சேர், மிஸ் யாராவது இருக்கிறார்களா? ஒரு பெயர் சொன்னால் மாற்றாதீர்கள், அந்த ஆளைப் போய்ப் பாருங்கள். ஒருவருமே இல்லை என்றால் மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. அப்படி மாற்றினால் முதல் கிழமையே புதிய வகுப்பாசிரியரைச் சந்தித்து, அவன் எதில் கெட்டிக்காரன் என்பதை முதலில் சொல்லுங்கள். பழைய முறைப்பாடுகளை அவர் கேட்கும்போது சொன்னால் போதும்.